எனக்குப் பதினாலாம் நாள் கிடையாது

‘பதினாலாம் நாள்’ என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சுர்ரென்று வரும். மாதவிலக்கு ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணி, கருமுட்டை வெளிவரும் நாள் என்று பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் வட்டம் போட்டுக் காட்டிய நாள் அது. கல்யாணமான புதிதில் சித்தி அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காதோடு சொன்ன நாள். போனில் இறக்கி வைத்த செயலி பூப்படம் போட்டு, இன்று வாய்ப்பு அதிகம் என்று மினுக்கும் நாள். 28 நாளுக்கு ஒரு தரம் பிசகாமல் மாதவிலக்கு வருகிறவளுக்கு அது ஏறக்குறையச் சரியாக இருக்கலாம். எனக்கு நாற்பதுக்குள் வந்ததாக நினைவே இல்லை, ஐம்பதைத் தாண்டிய மாதங்களும் உண்டு. அப்படிப்பட்டவளிடமும் எல்லோரும் அதே பதினாலைத்தான் சொன்னார்கள், படித்தவர் படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லாமல். பெண் பிறந்து வீடு முழுக்க ஓடித் திரிகிற இந்த நேரத்திலும் அந்த எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வயசுக்கு வந்ததிலிருந்தே எனக்கு அப்படித்தான். காலேஜ் படிக்கும்போது அம்மா ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேன் பார்த்துவிட்டு நீர்க்கட்டி என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அதைப் போட்ட மாதமெல்லாம் தேதி தவறாமல் வந்தது. அம்மாவுக்கு நிம்மதி. நிறுத்தியதும் பழைய கதை. அது கர்ப்பத்தடை மாத்திரைதான் என்பதும், மாத்திரை இல்லாத அந்த ஏழு நாளில் ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் வருகிற உதிரம் அது, கருமுட்டை வெளிவந்ததற்குச் சாட்சி இல்லை என்பதும் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று அப்போது சொன்னவர்களை வரிசையில் நிறுத்தினால் எங்கள் தெரு போதாது.

லீவு போட்ட நாட்கள்

கல்யாணமான பிறகு நான் திண்டுக்கல்லில் மாமியார் வீட்டில், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவர் ஓசூரில் ஷிஃப்ட் வேலை. லீவு கேட்பதே செயலி காட்டும் தேதியைப் பார்த்துத்தான். கூட வேலை பார்க்கிறவரிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, ராத்திரி பஸ் ஏறி, விடியும்போது வந்து இறங்குவார். மூன்று நாலு நாள் இருப்பார், எல்லாம் பதினாலைச் சுற்றிய நாட்கள். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஆள் இருக்க மாட்டார். வந்து போகும் நாளெல்லாம் வேண்டாத நாளாகவும், இல்லாத நாளெல்லாம் வேண்டிய நாளாகவும் இருந்திருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பஸ் டிக்கெட் காசுதான் ஞாபகம் வந்தது.

தொல்காப்பியம் கற்பியலில் ஒரு நூற்பா உண்டு. பரத்தையிடம் போய்க் கிடக்கிற தலைவனாக இருந்தாலும், மனைவிக்குப் பூப்புத் தோன்றியபின் பன்னிரண்டு நாள் அவளை விட்டு விலகி இருக்கக் கூடாது என்கிறது. கருத்தங்கும் காலம் அது என்பதால்தான் என்று உரைக்காரர்கள் விளக்குவார்கள். வகுப்பில் அந்த இடம் வராது, வந்தாலும் தாண்டித்தான் போவோம். ஆனால் அந்த வருஷங்களில் அது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்திலேயே முன்னாலிருந்துதான் எண்ணியிருக்கிறார்கள். நாற்பத்தைந்து நாள்காரிக்கு அந்தப் பன்னிரண்டும் வீண்.

வீட்டில் அத்தைக்கு வேறொரு கணக்கு. என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்கிறவர் இல்லை. ஆனால் நான் கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முப்பத்தைந்து நாள் தாண்டியதும் பழக்கூடையில் பப்பாளி காணாமல் போகும். அன்னாசி வாங்க மாட்டார். எள்ளுருண்டை டப்பா மேல் அடுக்குக்கு ஏறிவிடும். துணி அலசிய வாளியை நான் மாடிக்குத் தூக்கினால், “வைம்மா, நான் எடுத்துட்டுப் போறேன்” என்று பிடுங்கிக்கொள்வார். அவருக்குக் காலமெல்லாம் நாள் பிசகியதே கிடையாது, நாலு நாள் தள்ளினாலே விசேஷம்தான் என்று இருந்த உடம்பு. எனக்கு ஒவ்வொரு முறையும் தள்ளும். அந்தப் பத்துப் பதினைந்து நாளும் வீடு முழுக்க ஒரு சந்தோஷம் சத்தமில்லாமல் நடமாடும், நானும் அதில் கொஞ்சம் நம்பிவிடுவேன், மெடிக்கலில் கறுப்புக் கவரில் சுருட்டித் தருகிற கிட்டை வாங்கிவந்து பார்த்தால் ஒற்றைக் கோடு. ஒரு வாரத்தில் வயிறு வலிக்கும். எள்ளுருண்டை டப்பா ஒரு வார்த்தை பேசாமல் கீழ் அடுக்குக்கு இறங்கிவிடும். அத்தையின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லப்போனால், வளைகாப்பு வீட்டில் என்னை இழுத்து உட்காரவைத்து வளையல் மாட்டி “அடுத்து உனக்குத்தான்” என்று எல்லோர் முன்னாலும் சொன்ன பெரியம்மாக்களைவிட அவர் எவ்வளவோ மேல்.

கழற்சிக்காய்ப் பொடியை மிளகோடு சேர்த்து வெறும் வயிற்றில் தின்றேன். மலைவேம்புச் சாறு குடித்தேன். கசப்பு நாக்கை விட்டு மத்தியானம் வரை போகாது. திருக்கருகாவூருக்குப் போய்க் கர்ப்பரட்சாம்பிகைக்கு மெழுகிய நெய்ப் பிரசாதத்தை 48 நாள் இருவரும் சாப்பிட வேண்டும் என்றார்கள், அவர் ஓசூரிலும் நான் திண்டுக்கல்லிலுமாக ஆளுக்கொரு டப்பாவில் சாப்பிட்டோம். இதையெல்லாம் கிண்டலாகச் சொல்லவில்லை. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையென்று ஊர் சிரிக்கும், சுற்றுகிறவளுக்குத்தான் தெரியும் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

எம்.எஸ்.எஃப்.

அப்புறம் டாக்டரிடம் போனோம். முதலில் மாத்திரை எதுவும் இல்லாமல் இயற்கையாக முட்டை எப்படி வளர்கிறது பார்ப்போம் என்று ஃபாலிகுலர் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார்கள். போனவர்களுக்குத் தெரியும் அந்த அறை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற போர்டு, வாசலில் குவிந்த செருப்பு, “பாத்ரூம் போயிட்டு வந்து படுங்கம்மா” என்ற குரல். அரைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு அட்டவணை தருவார்கள். தேதி, எத்தனையாவது நாள், வலது சினைப்பை, இடது சினைப்பை, கர்ப்பப்பை உள்சவ்வின் தடிமன். ஒவ்வொரு முறையும் ஒரு வரி கூடும். 9-ஆம் நாள், 11-ஆம் நாள், 13-ஆம் நாள், 16-ஆம் நாள், எல்லா வரியிலும் இரண்டு பக்கமும் ‘எம்.எஸ்.எஃப்.’ என்று மூன்றே எழுத்து. சின்னச் சின்ன முட்டைப்பைகள் நிறைய இருக்கின்றன, ஒன்றும் தலையெடுக்கவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தாளில் பதினெட்டு, இருபது மில்லிமீட்டர் என்று எண் ஏறிக்கொண்டே போயிருந்தது. அடுத்தவள் மார்க் ஷீட்டை எட்டிப் பார்ப்பது எவ்வளவு கேவலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள்தான் நான், அங்கே எட்டி எட்டிப் பார்த்தேன்.

16-ஆம் நாளோடு ஸ்கேன் முடிந்தது. “இந்த மாசம் முட்டை வளரலம்மா.” கூடவே, முட்டை வெளிவந்தால் ஏறுகிற புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனுக்கு 21-ஆம் நாளில் எடுத்த ரத்தப் பரிசோதனையும் ஒன்றுக்கும் கீழே என்று வந்தது. முட்டை வெளிவராத சுழற்சி என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள். மாதவிலக்கை வரவழைக்க ஒரு மாத்திரை, வந்ததும் முட்டை வளர இன்னொரு மாத்திரை, அதுதான் திட்டம். வெளியே வந்து பைக்கில் ஏறும்போது, எனக்கு முட்டையே வராது போலிருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

மாத்திரையை உடனே போடவில்லை. காரணம் மருத்துவமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. ஊரில் மாரியம்மன் திருவிழா. மாத்திரையைப் போட்டால் சரியாகக் காப்புக் கட்டுகிற வாரத்தில் வந்து நிற்கும், ஒட்டுமொத்த வீட்டுக்கும் சங்கடம், திருவிழா முடியட்டும் என்று அத்தைதான் சொன்னார். அந்த இடைவெளியில் ஒருநாள் இடுப்போடு சேர்த்து ஒரு வலி, கல்லாக இருக்கும் என்று பக்கத்திலிருந்த சின்ன ஸ்கேன் சென்டருக்குத் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு போனேன். வயதான டாக்டரம்மா. கல் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கருவியைக் கீழே நகர்த்தியவர் நின்றார்.

“கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?”

“இருபத்தேழு நாள் ஆகுது டாக்டர். எனக்கு முட்டை வளராதுங்க, அதுக்குத்தான் பார்த்துட்டிருக்கோம்.”

“யாரு சொன்னா? இடது பக்கம் பதினேழு மில்லிமீட்டர் இருக்கே. இன்னும் ரெண்டு மூணு நாள்ல வெளிய வந்துடும். உங்களுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும்?”

நாற்பது நாற்பத்தைந்து என்றேன். “அப்ப சரியாத்தான் போய்ட்டிருக்கு. முப்பதாம் நாள் வர்ற முட்டையைப் பதினாறாம் நாள் தேடினா எப்படித் தெரியும்?” என்று சொல்லிவிட்டுத் துடைத்துக்கொள்ள டிஷ்யூவை நீட்டினார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. பத்து நாள் கழித்து இன்னொரு தரம் புரோஜெஸ்ட்ரோன் பார்க்கச் சொன்னார். அந்த மாதம் ஓசூரில் ஷட்டவுன் வேலை, இவரால் வரவே முடியவில்லை. வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை விட்டுவிட்டேன். ஆனால் ரத்தப் பரிசோதனையை மட்டும் விடவில்லை. மூன்றுக்கு மேல் இருந்தாலே முட்டை வெளிவந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள், எனக்குப் பத்தைத் தாண்டியிருந்தது. சொல்லிவைத்தாற்போல அடுத்த வாரம் மாதவிலக்கு. முட்டை வராது என்று ஃபைலில் எழுதிய அதே சுழற்சியில் முட்டை வந்திருக்கிறது. ஒருவேளை டாக்டர் சொன்னபடி நான் மாத்திரையைப் போட்டிருந்தால், வளரத் தொடங்கிய அந்த ஒன்றையும் அதுவே அமுக்கியிருக்கலாம்.

பின்னாலிருந்து எண்ணு

ராத்திரியெல்லாம் தேடிப் படித்த காலம் அதற்கப்புறம்தான் வந்தது. ஜப்பானில் நீகாட்டா என்ற ஊரில் கியூசாகு ஒகினோ என்று ஒரு மகப்பேறு மருத்துவர் இருந்தார். முட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்பு என்று அவர் 1924-இல் எழுதினார். சில வருஷம் கழித்து ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னவுஸும் தனியாகக் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்தார். கவனியுங்கள், அடுத்த மாதவிலக்குக்கு முன்பு. முட்டை வெளிவந்த பிறகு உள்ள காலம் பெரும்பாலானவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம், அது அவ்வளவாக மாறாது. நீளுவதும் குறைவதும் முட்டை வளர எடுத்துக்கொள்கிற முன்பாதிதான். 28 நாள்காரிக்கு முன்னாலிருந்து எண்ணினாலும் பதினாலு, பின்னாலிருந்து எண்ணினாலும் பதினாலு, அதனால் எந்தப் பக்கமிருந்து எண்ண வேண்டும் என்பதே எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. 45 நாள்காரிக்கு அது முப்பத்தொன்றாம் நாள். அவளிடமும் முன்னாலிருந்து எண்ணி, இரண்டரை வாரம் முன்னதாகவே தேடிவிட்டு, இல்லை என்று கையை விரிக்கிறோம். 21-ஆம் நாள் புரோஜெஸ்ட்ரோன் என்பதும் அப்படித்தான். முட்டை வெளிவந்து ஒரு வாரம் கழித்து, அதாவது அடுத்த மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு பார்க்க வேண்டிய பரிசோதனை அது. 28 நாள் சுழற்சியில் அது 21-இல் விழுகிறது, அவ்வளவுதான்.

இது நீளச் சுழற்சி உள்ளவர்களின் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைத் தினசரிச் சிறுநீர்ப் பரிசோதனையோடு தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2000-இல் வந்தது. கருத்தரிக்கக்கூடிய ஆறு நாளும் சுழற்சியின் 10-ஆம் நாளுக்கும் 17-ஆம் நாளுக்கும் இடையில் முழுசாக அடங்கியது அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான். பாடப்புத்தகம் சொல்கிற பெண் பத்தில் மூன்று பேர். மிச்சம் ஏழு பேரும் தங்களுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, பின்னாலிருந்து எண்ண வேண்டுமென்றால் அடுத்த மாதவிலக்கு எப்போது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், ஒரு மாதம் நாற்பது, ஒரு மாதம் ஐம்பது என்று வருகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? தெரியாதுதான். முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் ஏறுகிற எல்.ஹெச். என்ற ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் பட்டைகளை மொத்தமாக வரவழைத்து, ஒவ்வொன்றின் மேலும் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதி ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கினேன். ஒரு வாரத்தில் மூன்று நாள் இரண்டாவது கோடு அழுத்தமாக விழும், மங்கும், மறுபடி விழும். பி.சி.ஓ.எஸ்., அதாவது என்னைப் போல நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள சிலருக்கு அந்த ஹார்மோன் அடிப்படையிலேயே கூடுதலாக இருக்கும், பட்டை ஏமாற்றும். காலையில் எழுந்ததும் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாம், முட்டை வந்த பிறகு உடம்புச் சூடு கால் அரை டிகிரி ஏறி நிற்கும். ஆனால் அது வந்து போனதைத்தான் சொல்லும், வரப்போவதைச் சொல்லாது. காசில்லாத அறிகுறி ஒன்றுண்டு. முட்டை நெருங்கும் நாட்களில் வெள்ளைப்படுவது கோழிமுட்டையின் வெள்ளைக்கரு மாதிரித் தெளிவாக, வழுக்கலாக, விரலில் இழுத்தால் அறுபடாமல் நீளும். முப்பது வயதுக்கு அருகில் வரும்வரை அதை ஒரு வியாதி என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் வெள்ளைப்பட்டால் உடம்பு சூடு, எலும்பு உருகுது என்று வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுப்பார்கள். நாற்றமோ அரிப்போ நிறமாற்றமோ இருந்தால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றபடி உடம்பு தன் தேதியைத் தானே சொல்கிறது, நாங்கள்தான் கஷாயம் வைத்து அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தோம்.

இவ்வளவும் படித்து முடித்தபோது எனக்கு எரிச்சலூட்டிய உண்மை என்னவென்றால், நாளையே தேட வேண்டாம் என்பதுதான். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும், முட்டைக்கு ஆயுள் ஒரு நாளுக்குள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் சேர்ந்திருந்தாலே முட்டை எப்போது வந்தாலும் தப்பாது. அதற்குப் புருஷன் பெண்டாட்டி ஒரே ஊரில் இருக்க வேண்டும். நான் வேலையை விட்டுவிட்டு ஓசூருக்குப் போனேன். தமிழ் டீச்சர் வேலை அங்கே சுலபத்தில் கிடைக்கவில்லை. அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் சிகிச்சைச் செலவில் சேர்ப்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் கதையைக் கேட்டு, ‘அப்ப டாக்டரே தேவையில்லை, லேட்டா வரும் அவ்வளவுதான்’ என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். நிறையப் பேருக்கு நிஜமாகவே முட்டை வெளிவருவதில்லை. தைராய்டு, புரோலாக்டின் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கே வராமல் போனால் கர்ப்பப்பை உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், அதற்கு அந்த வரவழைக்கிற மாத்திரை தேவைதான். முட்டை ஒழுங்காக வந்தாலும் 45 நாளுக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு எட்டு வாய்ப்பு, 28 நாள்காரிக்குப் பதின்மூன்று. அதனால் ஒரு வருஷம் முயன்று பார்த்துவிட்டு வா என்கிற பொது விதி நமக்குப் பொருந்தாது, முன்னாலேயே போகலாம். நானும் போனேன். ஓசூரில் பார்த்த டாக்டர் முதல் நாளே என் வீட்டுக்காரருக்கும் விந்தணுப் பரிசோதனை எழுதினார். அதுவரை ஒருவரும் கேட்கவில்லை! அத்தைக்குப் போனில் சொன்னபோது “அவனுக்கு எதுக்கு?” என்றார், பாதிக்குப் பாதி தம்பதிகளுக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கும் என்றேன், கொஞ்ச நேரம் பேச்சில்லை.

டாக்டர் எனக்கு முட்டை வளர லெட்ரோசோல் என்ற மாத்திரையை எழுதினார். நாத்தனார் கூகுளில் தேடிவிட்டுப் பதறிப்போய்ப் போன் செய்தார். “அண்ணி, அது மார்புப் புற்றுநோய் மாத்திரை, இந்தியாவுல தடை பண்ணியிருக்காங்க.” இரண்டும் பொய்யில்லை, பாதி உண்மை. குழந்தைக்காக அதைக் கொடுப்பதை 2011-இல் மத்திய அரசு தடை செய்தது, 2017-இல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. நடுவில் 2014-இல் வெளிவந்த, அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், பழைய மாத்திரையான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இப்போது உலகம் முழுக்க பி.சி.ஓ.எஸ்.ஸோடு குழந்தைக்கு முயல்கிறவர்களுக்கு முட்டை வளர முதலில் எடுக்கிற மாத்திரையே அதுதான். எனக்கு அது செய்தது, முப்பதாம் நாள் முட்டையை இருபதை ஒட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பதினாலுக்கு அப்போதும் வரவில்லை. டாக்டர் அவசரப்படாமல் ஸ்கேனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், அரைத்தாளில் வரிகள் கூடின, பன்னிரண்டு, பதினைந்து, பத்தொன்பது என்று எண்ணும் ஏறியது. சில மாதங்களில் கிட்டில் இரண்டாவது கோடு விழுந்தது.

இரண்டு தேதி

பதினாலு அதோடு விடும் என்று நினைத்தேன். கர்ப்பத்தைக் கணக்கிடுவதும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான், அதற்குள்ளும் 28 நாள் சுழற்சி, 14-ஆம் நாள் முட்டை என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. முதல் ஸ்கேனில் டியூட்டியில் இருந்த டாக்டர் ஆறு வாரம் தாண்டிவிட்டதே, பை மட்டும்தான் தெரிகிறது, துடிப்பு இல்லையே என்று முகத்தைச் சுருக்கினார். நான் பர்ஸிலிருந்து மடித்து வைத்திருந்த ஃபாலிகுலர் தாளை எடுத்து நீட்டினேன். முட்டை வெளிவந்த தேதி அதில் இருந்தது. அதிலிருந்து எண்ணி, வழக்கமாகச் சேர்க்கிற இரண்டு வாரத்தைக் கூட்டினாலும் ஐந்தரை வாரம்தான், துடிப்பு தெரிய வேண்டிய கட்டாயமில்லை. அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த வாரத்தில் துடிப்பு கேட்டது. தாள் இல்லாதவள் அந்த ஏழு நாளை எப்படிக் கழித்திருப்பாள் என்று இப்போதும் யோசிப்பேன்.

கர்ப்பத்தை அரசிடம் பதிந்து வாங்குகிற பிக்மி எண்ணுக்குப் பதிய வந்த செவிலியர் அக்கா கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டார். சொன்னேன். பிரசவத் தேதியை அந்தப் பதிவே போட்டுக்கொண்டது. ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்து போட்ட தேதி ஒரு வாரம் பிந்தியது. “ரெண்டுல எதும்மா எழுதறது?” என்றார். ஸ்கேன் தேதியைப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு எழுதவைத்தேன். கடைசி மாதத்தில், நாற்பது வாரம் முடிந்துவிட்டது, வலி வரவழைத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது அந்தச் சிவப்பு மைதான் உதவியது. டாக்டர் நீர் அளவையும் குழந்தையின் அசைவையும் பார்த்து, எல்லாம் சரியாக இருந்ததால் காத்திருக்கலாம் என்றார். வலி தானாக வந்தது.

இப்போது சொந்தத்தில் யாருக்காவது நாள் ஒழுங்கில்லை என்றால் பேச்சு என்னிடம்தான் வரும். போன மாதம் பெரியப்பா மகள் போன் செய்தாள். சுழற்சி 42 நாள், 16-ஆம் நாள் ஸ்கேனில் ஒன்றுமில்லையாம், வரவழைக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, போடாதே என்று சொல்ல மாட்டேன், ஆனால் போடுவதற்கு முன்னால் உன் சுழற்சி எத்தனை நாள் என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல், இன்னும் ஒரு ஸ்கேன் பார்க்கலாமா என்று கேள் என்றேன். “ஒவ்வொரு ஸ்கேனுக்கும் காசு ஆகுதேக்கா” என்றாள். நியாயமான பேச்சு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேறு வர வேண்டும். அப்படியானால் ஸ்கேனை விட்டுவிட்டு 35-ஆம் நாள் வாக்கில் ஒரே ஒரு புரோஜெஸ்ட்ரோன் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பார் என்றேன். கேட்டிருக்கிறாள். நர்ஸ் முறைத்தாராம், டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரியென்று மாத்திரைச் சீட்டை வாங்கி அடித்துவிட்டு வேறு தேதி எழுதினாராம். மாப்பிள்ளையின் பரிசோதனையைப் பற்றிக் கேட்டாயா என்றேன். அதை அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, நீங்களே அத்தானை விட்டுப் பேசச் சொல்லுங்கள் அக்கா என்கிறாள். இவரிடம் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்றிருக்கிறார்.